மேடையில் இரண்டு கட்சி: வாசகர் கேள்விகள்

வாஷிங்டன் கொள்கைக் கூட்டங்களில், பேச்சாளர் பேசப் பேச அதைத் திரையில் சப்டைட்டிலாகத் தட்டித் தரும் வேலையில் பல வருடம் இருந்தேன் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

*

குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் என்று பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தேசியக் கடன், குடியேற்றம், மருத்துவச் செலவு என்று பேசவைக்கிறார்களே அம்மா, இதனால் ஒரு சட்டமாவது வந்திருக்கிறதா? எனக்கு இது வெறும் மரியாதை நாடகமாகத்தான் படுகிறது.
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

நாடகம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. "என் நண்பர் சொன்னதை நான் மதிக்கிறேன், ஆனாலும்..." என்ற வாக்கியத்தைத் தட்டித் தட்டி, கடைசியில் அதற்கென்றே ஒரு சுருக்கெழுத்துக் குறி வைத்துக்கொண்டேன்.

ஆனால் 1983-இல் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் ஓய்வூதியம் கொடுக்கும் நிதி தீர்ந்துகொண்டிருந்தது. 1982 கடைசியில், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டின் மருத்துவமனை நிதியிலிருந்து கைமாற்று வாங்கித்தான் முதியவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். 1983 ஜூலையில் காசோலைகள் குறித்த தேதியில் போகாது என்ற நிலைமை. இதற்காக ஜனாதிபதி ரேகன் 1981 டிசம்பரில் 15 பேர் ஆணையம் ஒன்றை அமைத்திருந்தார். ஆலன் கிரீன்ஸ்பான் தலைவர். ஐந்து பேரை ஜனாதிபதியும், ஐந்து பேரை செனட்டும், ஐந்து பேரைப் பிரதிநிதிகள் சபையும் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆணையம் பொதுவில் கூடிப் பேசி, 1982 நவம்பரில் உருப்படியாக ஒத்துக்கொண்டது ஒரு எண்ணை மட்டும்தான்: அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் துண்டு விழப்போவது 15,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை. வரியை ஏற்றுவதா, ஓய்வூதியத்தைக் குறைப்பதா என்று வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பத்திரிகைகள் ஆணையம் தோற்றது என்று எழுத ஆரம்பித்துவிட்டன.

அப்புறம் 1983 ஜனவரி ஆரம்பத்தில், செனட் அரங்கில் ஜனநாயகக் கட்சியின் டேனியல் பேட்ரிக் மோய்னிஹன், குடியரசுக் கட்சியின் பாப் டோலிடம் போய், இன்னொரு முறை முயன்று பார்ப்போமா என்று பேச்சுக் கொடுத்தார். அங்கிருந்து ஒரு சின்னக் குழு, வெள்ளை மாளிகை ஆட்களோடு, மைக் இல்லாத அறைகளில் உட்கார்ந்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி ரேகன் கையெழுத்துப் போட்டார். ஓய்வூதியத்துக்கே வருமான வரி வந்தது, சம்பளத்தில் பிடிக்கும் வரியின் உயர்வு முன்கூட்டியே அமலானது, முழு ஓய்வூதிய வயது 65-லிருந்து படிப்படியாக 67 ஆனது. 1960-இலோ அதற்குப் பிறகோ பிறந்த வாசகர்கள் இன்னும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் கணக்குப் போடுகிறீர்கள். (வயதை ஏற்றுவதில் ஆணையத்துக்குள் ஒற்றுமை வரவில்லை. அதை நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் சேர்த்தது.)

பேரம் மேடையில் நடக்கவில்லை, உண்மைதான். ஆனால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை எல்லோர் முன்னாலும் இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டிருந்தது. அதனால் மூடிய அறையில் உட்கார்ந்தவர்கள் அந்த எண்ணைப் பற்றிச் சண்டை போடவில்லை, யார் தலையில் எவ்வளவு என்பதற்கு மட்டும் சண்டை போட்டார்கள். ஜூலை என்ற கெடுவும் கழுத்தில் இருந்தது. பொது விவாதத்திலிருந்து நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: எண்ணில் ஒத்துப்போங்கள். மற்றது பிறகு.

*

மேடையில் இருப்பவர்கள் எல்லோருமே 'முன்னாள்' தானே? முன்னாள் செனட்டர், முன்னாள் ஆளுநர், முன்னாள் அமைச்சர். பதவியில் இருக்கும்போது இந்த ஞானம் எங்கே போயிருந்தது?
– வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

கேள்வியே பாதி பதில். வாஷிங்டனில் இந்த வேலைக்கென்றே இயங்கும் பைபார்டிசன் பாலிசி சென்டரை 2007-இல் ஆரம்பித்த நான்கு பேரும் செனட்டின் முன்னாள் பெரும்பான்மைத் தலைவர்கள்: ஹோவர்ட் பேக்கர், பாப் டோல், டாம் டாஷ்ல், ஜார்ஜ் மிட்செல்.

பதவியில் இருப்பவருக்குப் பயம் எதிர்க்கட்சியிடம் இல்லை, சொந்தக் கட்சியிடம்தான். யூட்டாவின் பாப் பென்னட் மூன்று முறை செனட்டர். ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனோடு சேர்ந்து ஒரு மருத்துவக் காப்பீட்டு மசோதா கொண்டுவந்தார். 2008-இல் வங்கிகளைக் காப்பாற்றும் சட்டத்துக்கு வாக்களித்தார். 2010 மே மாதம் சொந்தக் கட்சியின் மாநில மாநாட்டிலேயே மூன்றாம் இடம். நவம்பர் வாக்குச்சீட்டில் அவர் பெயரே வரவில்லை. இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

அதனால் முன்னாள்களை நான் கிண்டல் செய்வதில்லை. அவர்களால் வாக்களிக்க முடியாது, ஆனால் பதவியில் இருப்பவர் சொல்லப் பயப்படும் யோசனையை முதலில் வாய்விட்டுச் சொல்லி, எவ்வளவு அடி விழுகிறது என்று காட்டித்தர முடியும்.

*

எந்தக் கூட்டம் உண்மை, எது வெறும் காட்சி என்று பின்வரிசையில் உட்கார்ந்து தட்டிய உங்களுக்குத் தெரியுமா?
– வாசகர், கேரி, வட கரோலினா

விரலுக்குத் தெரிந்துவிடும். மனப்பாடமாக வருவது வேகமாக வரும். நிமிடத்துக்கு இருநூறு வார்த்தையைத் தாண்டி, முற்றுப்புள்ளி வைக்க இடம் விடாமல். நிஜமாக யோசிக்கிறவர் திடீரென்று மெதுவாகிவிடுவார். வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு வாக்கியம் தொடங்குவார். "இது என் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காது" என்று ஆரம்பித்து, பிறகு உண்மையிலேயே பிடிக்காத ஒன்றைச் சொல்வார். ஒரு மணி நேரத்தில் இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒன்று அப்படி வந்தால் அது நல்ல கூட்டம். வராவிட்டால் சாப்பாடாவது நன்றாக இருந்ததா என்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

இன்னொன்று, "மக்கள் ஒற்றுமையைத்தான் விரும்புகிறார்கள்" என்ற வரி வந்ததும் கைதட்டல் விழும். அந்த வரிக்கு யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் பாருங்கள், அதனால்தான்.

*

இரு கட்சியும் ஒத்துப்போனால் அது நல்ல முடிவு என்று அர்த்தமா?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

இல்லை. 2002 அக்டோபரில் இராக் மீது படையெடுக்க அதிகாரம் கொடுத்த தீர்மானத்துக்கு செனட்டில் 77 வாக்கு, எதிர்த்து 23. பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133. ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தவர்கள்தான். படையெடுப்புக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இரு கட்சியும் ஒரே பக்கம் சாயும்போது கேள்வி கேட்க மேடையில் ஆளே இருக்காது. அப்போதுதான் கூடுதல் கவனம் தேவை.

*

எல்லாவற்றையும் கேமரா முன்னால் நடத்தினால் நாணயமாக இருப்பார்களே! ஏன் மூடிய கதவு?
– வாசகர், ப்ளேனோ, டெக்சஸ்

கேமரா முன்னால் நாணயமா? சி-ஸ்பான் 1979 மார்ச் மாதம் பிரதிநிதிகள் சபையை நேரடியாக ஒளிபரப்ப ஆரம்பித்தது. 1984-இல் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் அவர் நண்பர்களும், நாள் வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்களைத் தாக்கிப் பேசுவார்கள். கேமரா பேச்சாளரை மட்டும் காட்டும் என்பதால், பதில் சொல்ல முடியாமல் எதிராளிகள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதுபோல் வீட்டில் பார்ப்பவருக்குத் தோன்றும். ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் டிப் ஓநீலுக்குக் கோபம் வந்து, கேமராவைச் சுழற்றி அரங்கு முழுவதையும் காட்டச் சொன்னார். பெரிய ரகளை ஆனது.

அதற்காகக் கதவை மூடிவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். அரசு ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்கள் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும் என்று 1972-லேயே சட்டம் வந்தாயிற்று. மூடுவதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும். என் மனதுக்குப் பிடித்த உதாரணம், 2001 தாக்குதலை விசாரித்த செப்டம்பர் 11 ஆணையம். ஐந்து பேர் இந்தக் கட்சி, ஐந்து பேர் அந்தக் கட்சி. தலைவர் டாம் கீன் குடியரசுக் கட்சி, துணைத்தலைவர் லீ ஹாமில்டன் ஜனநாயகக் கட்சி. டிவியில் முடிந்தவரை இரண்டு பேரும் சேர்ந்தேதான் வந்தார்கள். விசாரணைகள் பொதுவில் நடந்தன. இறந்தவர்களின் குடும்பத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆணையமே அவர்கள் விடாமல் அழுத்தம் கொடுத்ததால் வந்ததுதானே! அறிக்கை எழுதும் வேலை மட்டும் அறைக்குள் நடந்தது. 2004 ஜூலையில் பத்துப் பேரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே உளவு அமைப்புகளைத் திருத்தும் சட்டம் வந்தது. கேட்பது வெளிச்சத்தில், எழுதுவது அறையில். எனக்கு அது சரியான பங்கீடு.

*

நீங்கள் வெற்றிக் கதைகளாகவே சொல்கிறீர்கள். கடனைப் பற்றி 2010-இல் ஒரு ஆணையம் இருந்ததே, என்ன ஆயிற்று?
– அதே எடிசன் வாசகர் (இரண்டாவது கடிதம்!)

விடமாட்டீர்கள் போல. நல்லது.

அந்தக் கதை ஆணையத்துக்கு முன்னாலேயே கெட்டுப்போனது. 2010 ஜனவரியில் செனட்டில் ஜனநாயகக் கட்சியின் கென்ட் கான்ராடும் குடியரசுக் கட்சியின் ஜட் கிரெக்கும் சேர்ந்து, கடன் ஆணையம் ஒன்றைச் சட்டப்படி அமைக்க முன்மொழிந்தார்கள். அதன் பரிந்துரைகளைக் காங்கிரஸ் வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும் என்பது ஏற்பாடு. 60 வாக்கு வேண்டும். ஆதரவு 53, எதிர்ப்பு 46. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மசோதாவுக்கு முன்பு தாங்களே இணைந்து கையெழுத்திட்டிருந்த ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். தங்கள் மசோதாவைத் தாங்களே!

பிறகு ஒபாமா ஓர் உத்தரவால் ஆணையம் அமைத்தார். ஆலன் சிம்ப்சன், எர்ஸ்கின் போல்ஸ் இணைத்தலைவர்கள், மொத்தம் 18 பேர். பரிந்துரை காங்கிரசுக்குப் போக 14 பேர் ஆதரவு வேண்டும். டிசம்பரில் கிடைத்தது 11. எதிர்த்தவர்களில் ஒரு பக்கம் குடியரசுக் கட்சியின் பால் ரயன், மறுபக்கம் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஷகோவ்ஸ்கி. ரயனுக்கு மருத்துவச் செலவில் போதுமான மாற்றம் இல்லை, ஷகோவ்ஸ்கிக்கு நடுத்தர மக்கள் மேல் சுமை அதிகம்.

1983-க்கும் இதற்கும் வித்தியாசம் எண்ணில் இல்லை. எண் இங்கேயும் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஜூலை மாதக் காசோலை நின்றுபோகும் என்ற பயம் இருந்தது. 2010-இல் அப்படி ஒரு தேதி இல்லை. கடன் வாங்கிக்கொண்டே இருக்கலாம், தேர்தலுக்கு முன்னால் யாருக்கும் வலிக்காது. இப்போது மறுபடியும் சோஷியல் செக்யூரிட்டி நிதி 2030-களின் முதல் பாதியில் தீரும் என்று அதன் அறங்காவலர்களே வருடாவருடம் அறிக்கை விடுகிறார்கள். தேதி நெருங்க நெருங்கப் பழைய நாற்காலிகளை மறுபடியும் போடுவார்கள், பாருங்கள்.

*

சாதாரண மனிதர்களை உட்காரவைத்தால் தலைவர்களைவிட நன்றாகப் பேசுவார்களா?
– வாசகர், பெல்வ்யூ, வாஷிங்டன் மாநிலம்

செய்தே பார்த்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில், ஸ்டான்ஃபர்ட் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபிஷ்கின் குழுவினர், நாடு முழுவதிலிருந்தும் 500-க்கும் மேற்பட்ட வாக்காளர்களை டல்லாஸ் அருகே ஒரு வார இறுதிக்குக் கூட்டினார்கள். 'அமெரிக்கா இன் ஒன் ரூம்' என்று பெயர். குடியேற்றம், மருத்துவம், பொருளாதாரம், சுற்றுச்சூழல், வெளியுறவு என்று ஐந்து பொருள். இரு தரப்பு வாதங்களும் அடங்கிய குறிப்பைக் கையில் கொடுத்து, சின்னச் சின்ன வட்டமாக உட்காரவைத்து, போவதற்கு முன்னும் பின்னும் கருத்துக் கேட்டார்கள். சட்டவிரோதமாக இருப்பவர்களை முதலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்குக் குடியரசுக் கட்சிக்காரர்களிடம் இருந்த ஆதரவு ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. ஜனநாயகக் கட்சிக்காரர்களும் தங்கள் பக்கத்தின் செலவு கூடிய சில திட்டங்களிலிருந்து பின்வாங்கினார்கள்.

ஆனால் திங்கட்கிழமை எல்லோரும் வீட்டுக்குப் போய் அதே டிவியைப் போடுகிறார்கள். அது இந்த முயற்சியின் குறை இல்லை, அதன் எல்லை.

*

எங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் டவுன்ஹால் கூட்டத்தில் கேள்வி கேட்க ஆசை. குடியுரிமை வாங்கி நாளாகிறது, ஆங்கிலம் கோர்வையாக வராது. எப்படிக் கேட்பது மேடம்?
– வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

கோர்வையாகப் பேசுகிறவர்களின் கேள்விதான் பெரும்பாலும் வீணாகும். அது பேச்சாகிவிடும், பதிலும் பேச்சாக வரும். நீங்கள் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போய் அப்படியே வாசியுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், என்ன வேலை. இரண்டாவது வரியில் ஒரு விஷயம், முடிந்தால் மசோதாவின் எண்ணோடு. மூன்றாவது வரியில் கேள்வி.

"இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். கருத்து எல்லோரிடமும் உண்டு, ஐந்து நிமிடம் ஓடிவிடும். "இதற்கு வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா" என்று கேளுங்கள். இரு கட்சி ஒத்துழைப்பைப் பற்றித்தான் கேட்க வேண்டுமென்றால், "இது நிறைவேற, உங்கள் கட்சிக்குப் பிடிக்காத எதை நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்கலாம். கேட்டுவிட்டு உட்காராதீர்கள், மைக்கையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். பதில் வேறு பக்கம் போனால் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் இன்னொரு முறை வாசிக்கலாம், தப்பில்லை.

நேரம் கிடைக்கவில்லையென்றால் அந்தத் தாளை அவருடைய உதவியாளரிடம் கொடுத்து, பதில் வேண்டும் என்று முகவரி எழுதிவிட்டு வாருங்கள். அச்சடித்த நன்றிக் கடிதம் வரலாம். வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அதில் உங்கள் கேள்விக்குப் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று சேர்ந்து தேடலாம்.