எந்த மொழியில் தொடங்குவது? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மினி மார்க்கெட் கல்லாவில் நிற்கிறேன். அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். புரோகிராமிங் கற்றுக்கொள்ள ஆசை. பைத்தானா, ஜாவாவா, சி-யா என்று நான்கு மாதமாக யூடியூப் பார்க்கிறேன். ஒரு வரிகூட எழுதவில்லை. சி தெரியாமல் மற்றதைப் படிப்பது அஸ்திவாரம் போடாமல் வீடு கட்டுவது மாதிரி என்கிறான் மாமா மகன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன், ஆங்கிலம் சுமார்தான். கம்ப்யூட்டர் இல்லை, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று இருக்கிறது. இனிமேல் எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடும், உனக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். கதை எழுதும் நீங்களும் இதைப் படித்ததாக ஒருமுறை சொன்னீர்கள், அதனால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பைத்தான். முடிந்தது. இனி அந்தக் காணொளிகள் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் மாமா மகன் சொல்வதில் பாதி உண்மை. பரவலாகப் புழங்கும் பைத்தான், சி-யில் எழுதப்பட்டதுதான். சி 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அதில் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குவதும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. பிற்பாடு அதையும் படியுங்கள், நல்லதுதான். ஆனால் முதல் வாரமே அந்தத் தலைவலி எதற்கு? 1991-இல் வெளிவந்த பைத்தான் அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். பைட்ராய்டு 3 என்ற செயலியைப் போட்டால் உங்கள் போனிலேயே ஓடும்.

உங்களுக்குக் குறைவது மொழி இல்லை, கணக்கு. அது உங்கள் கல்லாவிலேயே கிடக்கிறது. நம் மலேசியாவில் 2008 ஏப்ரலில் இருந்து ரொக்கம் கட்டினால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குத் திருத்துகிறோம் இல்லையா? 23 ரிங்கிட் 47 சென் என்றால் 23.45, 48 சென் என்றால் 23.50. கார்டு என்றால் உள்ளபடியே. தினமும் நூறு தடவை இதைப் பார்க்கிறீர்கள். இதை எழுதுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரிங்கிட்டில் கணக்கு வைக்காதீர்கள், சென்னில் வையுங்கள். 0.1-உம் 0.2-உம் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். பிழை இல்லை, இயந்திரம் எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்திருக்கிறது, நம் பத்தில் ஒன்று அதில் முழுசாக அடங்காது. 2347 சென் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, மறுபடி 5-ஆல் பெருக்குங்கள். ஏன் 2 கூட்டுகிறோம் என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் ரொக்கமா கார்டா என்று கேட்க வேண்டும், அதுதான் உங்கள் முதல் 'இஃப்', அதாவது 'இப்படியென்றால் இதைச் செய்' என்ற நிபந்தனை.

என் முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் ஸ்டோரில் நிறுத்துவிட்டு, தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலில் ஒரு கோலை மிதக்கவிட்டு, தண்ணீர் போக ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார். ஒரு கதைக்காக அந்தக் கணக்கைப் போட நினைத்தேன். ஒரு நாளைக்கு 18 கிலோ பால், மூன்று நாள். விடை 54 வர வேண்டும், அதில் 33 விழுக்காடு என்றால் 17.82 கிலோ உலர் ரப்பர். பைத்தான் 181818 என்றது! அம்மா அவ்வளவு பால் எடுத்திருந்தால் தோட்டத்தையே வாங்கியிருப்போம். புரோகிராம் ஓடும்போது கேட்டு, நாம் விசைப்பலகையில் தட்டுவதைப் பைத்தான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். 18 என்ற எழுத்தை மூன்று முறை அடுக்கிக் கொடுத்துவிட்டது. 'இன்ட்' என்ற ஒரு சொல்லைப் போட்டு எண்ணாக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. இன்றுவரை மறக்கவில்லை.

ஆங்கிலம் பற்றி. பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் மொத்தமே 35. அதில் பத்துப் பன்னிரண்டுதான் ஆரம்பத்தில் வேண்டும். பிழைச் செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். தமிழிலேயே எழுதிப் பார்க்க ஆசையென்றால் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி இருக்கிறது. அதில் நிபந்தனையைச் சொல்லிவிட்டுப் பிறகு 'ஆனால்' என்று போட வேண்டும். 'மழை பெய்தால்' என்று நாம் பேசுவது போலவே. பிழைப்புக்கு உதவாது, ஆனால் புரோகிராம் என்பது ஆங்கிலம் இல்லை என்று ஒரே நாளில் விளங்கிவிடும். கணியம் தளத்தில் தமிழ்ப் பாடங்களும் உண்டு.

பைத்தானில் மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மாறி என்றால் பெட்டி என்று சொல்லித் தருவார்கள். எனக்கு உங்கள் ஊர்தான் ஞாபகத்துக்கு வரும். 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனாலும் உங்கள் பாட்டி பத்தாங் பெர்சுந்தை என்றுதானே சொல்வார்? பெயர் இரண்டு, ஊர் ஒன்று. பைத்தானில் ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒரு பெயரில் திருத்தினால் மற்றதிலும் மாறியிருக்கும். புதியவர்கள் முழிக்கும் இடம் இது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். 5 என்று சொல்லும். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் 'மி'-யின் மேல்விலங்கும் 'ழ்'-இன் புள்ளியும் தனித்தனிக் குறிகள். நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியபோது எத்தனை இடத்தில் முட்டிக்கொண்டிருப்பார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஏஐ எழுதும், எழுதட்டும். அந்த 5 சென் கணக்கை அதனிடமும் கேளுங்கள். அது தருவது சரியா என்று 23.47-ஐயும் 23.48-ஐயும் கொடுத்துச் சோதிக்கத் தெரிந்தவர் கல்லாவில் நிற்கும் நீங்கள். ஆனால் முதலில் நீங்கள் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

எழுதி முடித்ததும் மொத்தம் 2 சென் என்று கொடுத்துப் பாருங்கள். ரொக்கத்துக்கு என்ன வருகிறது, கார்டுக்கு என்ன வருகிறது, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.