படகில் கார்பெட்: முதலில் பலகையைக் குத்திப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். ஏரியில் மீன் பிடிக்க 16 அடி நீளப் பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே ஒட்டியிருக்கும் கார்பெட் கிழிந்துவிட்டது, பூஞ்சை வாடையும் அடிக்கிறது. ஆள் வைக்காமல் நானே மாற்ற நினைக்கிறேன். பழையதன் மேலேயே புதியதை ஒட்டலாமா? வீட்டுக்கு வாங்கும் கார்பெட் போதுமா? எந்தப் பசை நல்லது?

பதில்: நீங்களே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பழையதன் மேல் ஒட்டவே கூடாது. வீட்டுக் கார்பெட்டும் வேண்டாம். பசையைப் பற்றிச் சொல்லும் முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வாடை பெரும்பாலும் கார்பெட்டோடு நிற்பதில்லை. அடியில் இருக்கும் பிளைவுட் பலகையையும் பார்க்கச் சொல்கிறது. படகு உள்ளே நனைந்தே தீரும். நனைந்த நீர் வெளியேற வழியில்லாமல் கார்பெட்டுக்கும் பலகைக்கும் நடுவே தங்கும்போதுதான் மரம் உளுக்கிறது. புதிய கார்பெட்டை எவ்வளவு அழகாக ஒட்டினாலும், கீழே பலகை கெட்டிருந்தால் அந்த உழைப்பு வீண்.

பழையதை உரிக்கும்போது ஓரளவு முழுத் துண்டாக எடுக்கப் பாருங்கள். புதியதை வெட்ட அதைவிடச் சரியான அளவு மாதிரி கிடைக்காது. முழுதாக வராவிட்டால் கட்டர் கத்தியால் ஒரு சாண் அகலப் பட்டைகளாகக் கீறி இழுத்தெடுங்கள். அப்போது அளவு மாதிரியைத் தடித்த காகிதத்தில் வரைந்துகொள்ளலாம். மிஞ்சிய பசையைச் சுரண்டுவதுதான் இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி. அதில் அவசரப்படாதீர்கள். பழைய பசையின் மேடுபள்ளம் புதிய கார்பெட்டின் வழியாக அப்படியே தெரியும்.

இப்போது ஒரு திருப்புளியை எடுத்துப் பலகையைக் குத்திப் பாருங்கள். பின்புறம் வடிகால் துளையை ஒட்டிய பகுதி, இருக்கைக் கால்கள் பதியும் இடம், பலகையின் ஓரங்கள் ஆகிய மூன்றும்தான் முதலில் கெடும். முனை எதிர்ப்பில்லாமல் இறங்கினாலும், சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டாலும் பலகையை மாற்றியாக வேண்டும். பலகையைக் கழற்றினால் அடியில் மிதவை நுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் ஊறிய நுரை படகுக்கு வீண் சுமை. அதற்காக எடுத்து எறிந்துவிட்டு வெறுமனே மூடிவிடாதீர்கள். படகு நீர் ஏறிப்போனாலும் முழுகாமல் தாங்குவது அந்த நுரைதான். எடுத்த அளவுக்குப் புதியது வைக்க வேண்டும்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் பலரும் தவறுவது அடுத்த படியில். வன்பொருள் கடையில் 'வெளியில் வைத்தாலும் உளுக்காது' என்று மருந்தேற்றிய பிளைவுட் கிடைக்கும். தோட்டத்து மேடைக்கு அது நல்ல மரம், உங்கள் படகுக்கு நஞ்சு. அந்த மருந்தில் பெரும்பாலும் தாமிரம் இருக்கிறது. தாமிரமும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு குழி விழும், கடைசியில் ஓட்டை. படகு வேலைக்கென்றே செய்யும் மரைன் பிளைவுட் வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், நீர் தாங்கும் பசையால் ஒட்டிய மருந்தேற்றாத வெளிப்புற பிளைவுட் போதும். தடிமன் பழைய பலகையின் அளவே இருக்கட்டும். எதுவானாலும் இரண்டு முகத்திலும் எபாக்சி (நீர் புகாமல் இறுகும் பிசின்) பூசுங்கள். ஓரங்களுக்கு இரண்டு மூன்று தடவை பூச வேண்டும், மரம் நீரைக் குடிப்பது அங்கேதான். திருகாணி போடத் துளைத்த ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் எபாக்சி படட்டும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அவை அலுமினியத்தில் இறங்கும் இடத்தில் அரிப்புத் தடுப்புக் களிம்பு தடவுங்கள்.

கார்பெட்டுக்கு வருவோம். படகுக்கென்று விற்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழை. கடையில் ஓலெஃபின் என்பார்கள். அந்த இழை நீரை உறிஞ்சாது. வெயில் தாங்கும்படி பதப்படுத்தியது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் கார்பெட்டின் அடித்துணியும் அதன் கீழ் இடும் மெத்தையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படகுக் கார்பெட்டின் எடையைச் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 16 அவுன்ஸ் மெல்லியது, 20 அவுன்ஸ் உங்கள் வகைப் படகுக்குப் பொருத்தம். அதைவிடத் தடித்ததில் கால் சுகமாக இருக்கும், ஆனால் உலர நேரமாகும். மீன்பிடிப் படகு என்பதால் நூல் வளையம் வளையமாக நிற்கும் வகையைத் தவிர்த்து, நுனி வெட்டிய இழையாக வாங்குங்கள். வளையத்தில் தூண்டில் முள் மாட்டினால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நிறம் வெளிர் சாம்பலோ மணல் நிறமோ நல்லது. கறுப்பில் ஜூலை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது.

பசை, 'வெளிப்புறக் கார்பெட்டுக்கு' என்றும் 'நீர் தாங்கும்' என்றும் டப்பாவில் எழுதியிருப்பதாக இருக்க வேண்டும். கரைப்பான் கலந்த பசையை வாங்கினால் எச்சரிக்கை தேவை. அதன் ஆவி தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் தொட்டியை இறக்கிவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். குளிரில் பசை சரியாகப் பிடிக்காது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்கும் உலர்ந்த நாளாகப் பாருங்கள். உங்கள் ஊரில் மே கடைசிவரை காத்திருப்பது நல்லது.

வெட்டுவதற்கு முதல் நாளே கார்பெட்டை விரித்து வையுங்கள். சுருளின் மடிப்பு தளரும். இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டுகளின் பின்புறத்திலும் ஒரே திசையில் சாக்பீஸால் அம்பு போடுங்கள். ஒரு துண்டு திரும்பிவிட்டால் வெயிலில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். பின்புறத்தில் வரைந்து வெட்டுவதால் அளவு மாதிரியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை மறந்தால் இடப்பக்கத் துண்டு வலப்பக்கத்துக்குப் போய்விடும். சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

துண்டை அதன் இடத்தில் வைத்து, பாதியை மடித்து, பலகையில் பல் வைத்த கரணையால் பசையைச் சீராக இழுங்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும், அதை மதியுங்கள். பிறகு மடிப்பை மெதுவாக இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள். அடுத்து மற்றப் பாதி. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, இரும்பு அளவுகோல் வைத்து, புதிய பிளேடால் இரண்டையும் ஒரே கீறலில் வெட்டினால் இணைப்பு தெரியாது. ஓரங்களைப் பசை பிடித்த பின்பே நறுக்குங்கள்.

படகிலுள்ள சாமான் பெட்டிகளின் மூடிகளில்தான் பலருக்கும் சிக்கல் வரும். மூடியைச் சுற்றிக் கார்பெட் மடிந்து வருவதால் இருபுறமும் அதன் தடிமன் கூடுகிறது. பழையதைவிடத் தடித்த கார்பெட் வாங்கினால் மூடி இறுக்கமாகி மூட வராது. ஒட்டுவதற்கு முன்பே அந்த அளவுக்கு மரத்தை இழைத்துவிடுங்கள், இழைத்த ஓரத்துக்கு மறுபடி எபாக்சி பூசுங்கள். மூலையில் கூடுதல் துணியைச் சாய்வாக வெட்டி மடித்தால் புடைக்காது. அடியில் அடிக்கும் ஸ்டேபிள்கூடத் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

வடிகால் துளையையும், அதற்கு நீர் ஓடிவரும் வழியையும், எரிபொருள் குழாய் பார்க்கும் மூடியையும் மறைக்காதீர்கள். மழை நேரடியாக விழும் பகுதிக்கு, ஒட்டாமல் பொத்தான் வைத்துக் கழற்றி மாட்டும் விரிப்பு இன்னும் நல்லது, எடுத்து உலர்த்தலாம்.

ஒட்டிய பின் ஒரு நாள் மிதிக்காதீர்கள், மூன்று நாள் நனைக்காதீர்கள். இருக்கைகளை அதன் பிறகு பூட்டுங்கள். திருகாணி இறங்கும் இடத்தில் கார்பெட்டைச் சிறிதாக வெட்டி விலக்கிவிட்டுத் துளையிடுங்கள், இல்லாவிட்டால் துரப்பணம் இழையைச் சுற்றி இழுத்து நீளமாகப் பிரித்துவிடும். குளிர்காலத்துக்கு மூடும் முன் கார்பெட் முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வடிகால் அடைப்பைத் திறந்து வைத்து, காற்றுப் போக இடம் விட்டுத் தார்ப்பாய் கட்டுங்கள்.