பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தை அடக்க ஜாமர் (ரேடியோ அலையைக் குழப்பும் கருவி) வைத்து அவருடைய ரேடியோவை முடக்கலாமா?

முடக்க வேண்டாம். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். இதே கேள்வியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் பலர். தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு வருவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை; நானே ஒருமுறை அதைச் செய்திருக்கிறேன்.

தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம். இரவு வேலை முடிந்து விடியற்காலையில்தான் வந்து படுப்பேன். என் கட்டிலுக்கும் பக்கத்து வீட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர். ஆறு மணி அடித்தால் அங்கே எஃப்எம் ரேடியோ அலறத் தொடங்கும். செய்தி, பாட்டு, விளம்பரம், மறுபடியும் பாட்டு என்று பத்து மணிவரை ஓயாது. இரண்டு முறை கதவைத் தட்டிச் சொன்னேன். "சரி தம்பி" என்பார் அந்த வீட்டுக்காரர். அன்றைக்குக் குறையும், மறுநாள் பழையபடி அலறும்.

அப்போதுதான் பாடத்தில் படித்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. ரேடியோ என்பது அலையை வாங்கும் பெட்டி மட்டுமல்ல. தனக்குள் ஒரு சிறு அலையைத் தானும் உண்டாக்குகிறது. எஃப்எம் செட்டுகளில் அந்த உள் அலை, நாம் கேட்கும் ஸ்டேஷனைவிடப் பெரும்பாலும் 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். வெளியிலிருந்து வரும் அலையையும் இதையும் கலந்து, கிடைக்கும் வித்தியாசத்தைப் பெருக்கித்தான் பாட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை இது. எஃப்எம் ஒலிபரப்புக்கு 1933இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. பழைய செட்டுகளில் இந்த உள் அலை சில அடி தூரத்துக்கு வெளியே கசியும். என் செட்டைச் சுவரோடு ஒட்டிவைத்துத் திருகியை மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில், என் செட்டின் கசிவு அவர் கேட்கும் ஸ்டேஷனின் அலைமேல் விழுந்ததும், அந்தப் பக்கம் பாட்டு பட்டென்று அறுந்தது.

எஃப்எம்முக்கே உரிய குணம் அது. மீடியம் வேவ் போன்ற பழைய ஏஎம் ஒலிபரப்பில் இரண்டு அலைகள் மோதினால் இரண்டும் கலந்து கேட்கும். எஃப்எம்மிலோ சற்று வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். என் செட்டிலிருந்து கசிந்த அலையில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அது ஜெயித்த இடத்தில் அமைதிதான். ஆனால் இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருந்தால் இதுவா அதுவா என்று மாறி மாறித் தாவி, வெட்டி வெட்டி இரையும்.

நடந்ததும் அதுதான். பத்து விநாடி நிம்மதி. பாட்டு நின்றதும் அவர் வால்யூமைக் கூட்டினார். செட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். ஏரியலைத் திருப்பினார். அலை தப்பியதும் முழு வால்யூமில் பாட்டு சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. முன்பைவிடச் சத்தம் அதிகம். நான்கு காலை இப்படியே போனது.

ஐந்தாம் நாள் அவர் என் வாசலில் நின்றார். கையில் துண்டில் சுற்றிய ரேடியோ. "தம்பி, நீங்கள் ரேடியோ வேலை செய்கிறீர்களாமே. காலையில் மட்டும் இது செத்துச் செத்துப் பிழைக்கிறது. அம்மா தவித்துப்போகிறார். கொஞ்சம் பாருங்கள்."

ஸ்டேஷன் மாறிவிடாமல் இருக்க ட்யூனிங் திருகியின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். நான்கு நாளாக அதைப் பிரித்துப் பிரித்து ஒட்டியதில் பசை போய், ஓரம் கறுத்துச் சுருண்டிருந்தது. அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது.

அவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோ வைக்கும் அலமாரி கதவோரம். அம்மாவின் கட்டில் கூடத்தின் மறுகோடியில், ஏறக்குறைய நான்கு மீட்டர் தள்ளி. அவருக்குக் காது மந்தம், கண்ணும் மங்கல். அவர் கேட்க வேண்டுமானால் அவ்வளவு சத்தம் வைத்தே ஆக வேண்டும். நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டவன்தான் நான். ஏன் இவ்வளவு சத்தம் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒயர் இழுத்து அம்மாவின் தலையணைப் பக்கம் வைத்தேன். திறந்த வெளியில், தூரம் பாதியாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். நான்கு மீட்டர் அரை மீட்டரானால் மூன்று முறை பாதி, அதாவது 18 டெசிபல். அறைக்குள் எதிரொலி இருப்பதால் முழுக் கணக்கும் கிடைக்காது. கிடைத்ததே போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை சுவருக்கு அப்பால் ஏதோ முணுமுணுப்பு மட்டும் கேட்டது. தூங்கிவிட்டேன்.

இனி, நீங்கள் கேட்கும் ஜாமருக்கு வருகிறேன். நான் செய்ததே தவறு. அது சில அடி எட்டும் கசிவு. ஜாமர் என்பது வேண்டுமென்றே அலையை வீசும் டிரான்ஸ்மிட்டர். சுவர், மாடி, தெரு என்று எதிலும் அது நிற்காது. எஃப்எம் பேண்ட் 87.5இல் தொடங்கி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. 108ஐத் தாண்டியதுமே விமானங்கள் ஓடுபாதையைக் கண்டு நேராக இறங்குவதற்கான சிக்னல்கள் தொடங்கிவிடுகின்றன. மலிவான கருவி தன் எல்லைக்குள் ஒழுங்காக நிற்கும் என்று நம்பி அந்த இடத்தில் விளையாட முடியாது. வெள்ளமோ புயலோ வந்து மின்சாரமும் செல்போன் கோபுரமும் செயலிழந்தால், பேட்டரி ரேடியோவில் வரும் எச்சரிக்கைதான் பலருக்குக் கடைசித் துணை. அதையும் சேர்த்துத்தான் நீங்கள் அடைக்கிறீர்கள்.

அமெரிக்காவில் 2012இல் ஒரு நிறுவன ஊழியர், தான் எங்கே போகிறோம் என்பது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று நிறுவன வண்டியில் ஜிபிஎஸ் ஜாமர் வைத்திருந்தார். நியூவார்க் விமான நிலையத்தில் சோதித்துக்கொண்டிருந்த தரையிறக்க வழிகாட்டும் கருவியை அது குழப்பியது. ஏறக்குறைய 32,000 டாலர் அபராதம் கோரி மறுவருடம் அவருக்கு நோட்டீஸ் போனது. அவர் விமானத்தைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார். ஜாமரைத் தனியார் பயன்படுத்துவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். திசை பார்க்கும் ஆன்டெனா இருந்தால் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் பெரிய வேலை இல்லை. பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் இதையே நரி வேட்டை என்ற பெயரில் விளையாட்டாகச் செய்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாட்டு நிற்காது. இன்றைக்கு அது பெரும்பாலும் பென்டிரைவிலிருந்தோ புளூடூத் வழியாகவோ வருகிறது. பென்டிரைவை எந்த அலையும் தடுக்காது. புளூடூத்தோ 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில், 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1600 முறைவரை தாவிக்கொண்டே இருக்கும். அதை முடக்க பேண்ட் முழுவதையும் நிரப்ப வேண்டும். அப்போது உங்கள் வைஃபையும் போகும். மேல்வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது உடலில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சாரின் எச்சரிக்கையும் அவர் போனுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

ஆகவே அலையை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பாருங்கள். இன்றிரவு பாட்டு ஓடும்போது உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள், பிறகு தரையில் வையுங்கள். மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அதில் வளையங்கள் எழுகின்றனவா என்று பாருங்கள். எழுந்தால் தொல்லை பாட்டல்ல, சப்வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) அடிநாதம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறக்குறைய 7 மீட்டர். சாதாரணச் சுவர் குரலைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தடுக்காது. பஞ்சு, முட்டை அட்டை ஒட்டுவதெல்லாம் வீண் வேலை. சப்வூஃபரைச் சுவரிலிருந்து தள்ளி, மூலையிலிருந்து எடுத்து, அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ வைத்து, பேஸைக் கொஞ்சம் குறைத்தால் பாதித் தொல்லை தீரும். அவர் கேட்கும் பாட்டு அவருக்குக் குறையவும் குறையாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பாட்டை ஓடவிட்டபடியே அவரை உங்கள் படுக்கையறைக்கு ஐந்து நிமிடம் கூப்பிடுங்கள். தன் வீட்டில் அவர் கேட்பது பாட்டு; உங்கள் அறைக்கு அதன் இடி மட்டும்தான் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதற்கும் மசியவில்லை என்றால் தேதி, நேரம், எவ்வளவு நேரம் ஓடியது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். போன் செயலி காட்டும் டெசிபல் துல்லியமாக இராது, ஆனாலும் குறித்துவையுங்கள். படுக்கையறைக்கு 30 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியிருக்கிறது. அந்த நோட்டோடு முதலில் வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ போங்கள், பிறகு காவல் நிலையத்துக்கு. "தினமும் சத்தம்" என்று வாயால் சொல்வதைவிட, 14 நாள் எழுதிய பக்கத்தை நீட்டினால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்து படிப்பார்.