சைக்கிள் சக்கரக் கோட்டம் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கே: அண்ணா, பின் சக்கரம் ஒரு பக்கம் பிரேக் கட்டையில் உரசுது. வீட்டிலேயே கோட்டம் எடுக்கலாமா? என்னென்ன வேணும்?

ப: தாராளமாக எடுக்கலாம். கட்டாயம் வேண்டியது நிப்பிள் சாவி. நிப்பிள் என்பது சக்கரக் கம்பியின் முனையை ரிம்மோடு (வெளி வளையத்தோடு) பிடித்திருக்கும் சிறு திருகு. சுற்றிலும் பல அளவு வெட்டுகளோடு வட்டமாக வரும் சாவி என்றால், எந்த வெட்டு உங்கள் நிப்பிளில் ஆடாமல் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு அளவு பெரிய வெட்டில் திருப்பினால் நிப்பிளின் மூலைகள் மழுங்கிவிடும். பிறகு அந்தக் கம்பியை இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது.

ஸ்டாண்டு தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்துங்கள். சக்கரத்தை ஒட்டிப் போகும் பிரேம் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, அதன் வால் ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி நறுக்குங்கள். கோட்டம் பார்க்க அந்த முள் போதும். அடையாளம் போட ஒரு சாக்பீஸ், நிப்பிள்களுக்குச் சில சொட்டு எண்ணெய்.

சாவியை எடுப்பதற்கு முன், ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் ஹப்பில் (சக்கரத்தின் நடுவில் அச்சு போகும் கூடு) கோன், அதாவது பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் திருகு, தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதை முதலில் சரிசெய்யுங்கள். ஆடுகிற ஹப்பில் எடுத்த கோட்டம் நிற்காது.

கே: எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும்? ஒவ்வொரு தடவையும் குழம்புது.

ப: டயர் பக்கத்திலிருந்து ஹப்பைப் பார்த்தபடி, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். சக்கரத்தின் கீழ்ப்பாதியில் வேலை செய்யும்போது நாம் ஹப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் திசை தலைகீழாகத் தெரிகிறது. கோட்டத்தை எங்கே கண்டாலும் சாக்பீஸில் குறித்து, அந்த இடத்தைச் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து திருப்புங்கள். குழப்பமே வராது.

கே: ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கக் கம்பியை இறுக்கணுமா?

ப: நேர் எதிர். ஒவ்வொரு கம்பியும் தான் மாட்டியிருக்கும் ஹப் விளிம்பின் பக்கமாக ரிம்மை இழுக்கிறது. ரிம் இடப்பக்கம் போயிருந்தால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும்.

கோட்டம் நாலு கம்பி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் வலக்கம்பிக்குக் கால் சுற்று இறுக்கம், பக்கத்து இடக்கம்பிக்குக் கால் சுற்றுத் தளர்வு. ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் அதில் பாதி. சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த பெரிய கோட்டத்துக்குப் போங்கள். சாதாரண 2 மி.மீ. கம்பியில் ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது சுமார் 0.45 மி.மீ. தான். கால் சுற்று அற்பமாகத் தோன்றும், ஆனால் ரிம்மில் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். இறுக்குவதை மட்டுமே செய்துகொண்டு போனால் பக்கவாட்டில் நேராகும். அந்த இடம் உள்வாங்கி வட்டம் கெட்டுவிடும்.

கே: பக்கவாட்டில் சரியாயிடுச்சு, ஆனா மேலும் கீழும் குதிக்குது.

ப: மேடான இடத்தில் இடம், வலம் இரண்டு பக்கக் கம்பிகளையும் ஜோடியாகச் சம அளவு இறுக்குங்கள். பள்ளத்தில் ஜோடியாகத் தளர்த்துங்கள். அரைச் சுற்று வரை போகலாம். வட்டத்தைச் சரிசெய்தால் பக்கவாட்டு கொஞ்சம் கலையும், அதனால் வட்டத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பள்ளத்தில் இருக்கும் கம்பிகள் ஏற்கெனவே தொளதொளவென்று கிடக்கின்றனவா? அப்படியானால் குழியில் விழுந்து ரிம்மே மடங்கியிருக்கிறது. கம்பி இழுக்கும், தள்ளாது. ரிம்மை மாற்றுவதுதான் வழி.

கே: ஐயா, என்னுடையது பழைய 28 அங்குல சைக்கிள், ராடு பிரேக். இதே முறைதானா?

ப: முறை ஒன்றுதான், முக்கியத்துவம் மாறும். ராடு பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, ஹப்பைப் பார்த்த உட்புறத்தில் அழுத்துகின்றன. பக்கவாட்டில் 2 மி.மீ. ஆடினாலும் பிரேக் பிடிக்கும். வட்டம் கெட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடுக்கென்று பிடித்து விடும். வட்டத்தில் அதிகக் கவனம் செலுத்துங்கள். இந்த சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள்.

துருப்பிடித்த நிப்பிள்களுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் எல்லாவற்றையும் கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கே: கோட்டம் எடுத்து நாலு நாளில் திரும்ப வந்துடுது. ஏன்?

ப: இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். ரிம் நேராக இருப்பது வேறு, கம்பிகள் சம இழுப்பில் இருப்பது வேறு. ஒன்று மிக இறுக்கம், பக்கத்தில் ஒன்று தளர்வு என்று வைத்தும் ரிம்மை நேராக நிறுத்திவிடலாம். ஓட்ட ஓட்டத் தளர்ந்த நிப்பிள் தானே கழன்று சுழலும், கோட்டம் திரும்பிவிடும்.

வீணை நரம்பைத் தட்டுவதுபோல் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பக்கம் இறுக்கம் அதிகம் என்பதால் அந்தப் பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு காரணம், திருப்பும்போது நிப்பிளோடு கம்பியும் முறுக்கிக்கொள்வது. கால் சுற்று வேண்டுமானால் அதைவிடச் சற்று அதிகம் திருப்பி, அந்த அதிகத்தைப் பின்னால் விடுங்கள். வேலை முடிந்ததும் அருகருகே இணையாகப் போகும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கைக்குள் வைத்து நன்றாக அழுத்திப் பிழியுங்கள். ‘டிக்’கென்று சத்தம் வந்தால் முறுக்கு விடுகிறது. மறுபடி சுற்றிப் பார்த்தால் சிறு கோட்டம் தெரியும், அதையும் எடுத்துவிடுங்கள்.

கே: ரிம் நேராதான் ஓடுது, ஆனா போர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) நடுவில் இல்லை.

ப: ஒரு பக்கப் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டி, அதே கட்டையில் மறுபடி அளங்கள். வித்தியாசத்தில் பாதிதான் பிழை. வித்தியாசமே இல்லையென்றால் சக்கரம் சரி. போர்க்கோ பிரேக்கோதான் கோணல். பிழை இருந்தால், ரிம் போக வேண்டிய பக்கத்துக் கம்பிகள் அனைத்தையும் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே விறைப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் முழுவதையும் தளர்த்துங்கள்.

கே: எவ்வளவு நேராக இருந்தால் போதும்?

ப: ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும் பிரேக்குக்கு அரை மி.மீ. டிஸ்க் பிரேக் என்றால் 1 மி.மீ. வரை தொல்லையில்லை. டயர் மாட்டும் முன் நிப்பிளுக்கு மேல் கம்பி முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ரிம்மில் டியூப் உட்காரும் பக்கத்தில் தடவிப் பாருங்கள். நீட்டியிருந்தால் அரத்தால் ராவி, ரிம் டேப்பை ஒழுங்காகப் போடுங்கள். இல்லாவிட்டால் டியூப் உட்புறமிருந்தே பஞ்சராகும்.