ஒரு லைன், நான்கு போன்

கேள்வி: அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறேன். ஒரே லேண்ட்லைனில் ஆபீஸ், குடோன், பேக்கிங், வீடு என நான்கு போன்கள். வேண்டாததைத் தனித்தனியாக அணைக்க சுவிட்ச் பலகை செய்ய முடியுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தாராளமாக. ஆறு கால் உள்ள டபுள் போல் (இரு கம்பிகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும்) மினி டாகிள் சுவிட்ச் நான்கு வாங்குங்கள். நெல்லை ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் 6 மி.மீ. துளையிட்டுப் பொருத்துங்கள்.

வேலைக்கு முன் லைனைக் கழற்றிவிடுங்கள். சும்மா இருக்கையில் சுமார் 48 வோல்ட்தான். மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும், கையைச் சுண்டிவிடும்.

உள்ளே வரும் இரு கம்பிகளையும் நான்கு சுவிட்சுகளின் நடுக்கால்களுக்கும் இணையாகக் கொண்டுபோங்கள். ஒரு பக்கத்துக் கால்களிலிருந்து அந்தந்த போனுக்கு முறுக்கிய ஜோடிக் கம்பி. மறுபக்கக் கால்கள் காலியாகவே இருக்கட்டும். ஒற்றைக் கம்பியை மட்டும் வெட்டினாலும் போன் அணையும். ஆனால் ஒட்டியிருக்கும் மற்றொரு கம்பி இரைச்சலைக் கொண்டுவரலாம்.

பலரும் கெடுப்பது இங்கேதான்: அழகுக்கு லைனிலேயே எல்இடி மாட்டுவார்கள். அது சில மில்லி ஆம்பியர் இழுத்தாலே ரிசீவரைத் தூக்கிவிட்டதாக எக்ஸ்சேஞ்ச் நினைக்கக்கூடும். லைன் எப்போதும் பிஸி. விளக்கு அவசியமானால் தனி பேட்டரியில் கொடுங்கள். அதற்கு இன்னொரு போல் உள்ள சுவிட்ச் வேண்டும்.

அதே லைனில் பிராட்பேண்ட் இருந்தால் ஸ்பிளிட்டரின் (போனையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) போன் முனைக்குப் பிறகே பலகை. கரண்டு வயரோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு இந்தச் சுவிட்ச் காப்பாகாது, லைனையே பிடுங்கிவிடுங்கள்.