வரம்பு 15 கோடி, செலவு 20 கோடி: என்பிஏ சம்பளக் கணக்கைப் படிப்பது எப்படி?

கேள்வி: நான் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் பாஸ்டன் செல்டிக்ஸ் ரசிகன். 2024-ல் கோப்பை வென்ற அணியை 2025 கோடையிலேயே பிரித்துவிட்டார்கள். சம்பள வரம்புதான் காரணம் என்கிறார்கள். ஆனால் பெரும்பாலான அணிகள் அந்த வரம்பைத் தாண்டித்தானே செலவு செய்கின்றன? 2025 ஐபிஎல் ஏலத்தில் 120 கோடி ரூபாய் என்றால் அதற்கு மேல் ஒரு ரூபாய் போக முடியாதே. ஒரு வீரர் அணியில் தங்குவாரா என்று எதை வைத்துக் கணிப்பது?

பதில்: ஐபிஎல் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அங்கே பர்ஸ் காலியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்பிஏ வரம்பு 2025-26 பருவத்துக்குச் சுமார் 15.46 கோடி டாலர். வெளி ஆளைப் புதிதாக எடுக்கத்தான் அது பெரிய தடை. சொந்த வீரரைத் தக்கவைக்க 'பேர்ட் உரிமை' என்று ஒரு வழி இருக்கிறது. உங்கள் பாஸ்டனின் பழைய நட்சத்திர வீரர் லேரி பேர்ட் பெயர்தான் அது. விடுவிக்கப்படாமலும், தானாக வேறு அணிக்குத் தாவாமலும் மூன்று பருவம் ஆடிய வீரரோடு, வரம்பு தாண்டியிருந்தாலும் அணி மறுபடி ஒப்பந்தம் போடலாம். நடுவில் டிரேடில், அதாவது அணிகளுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதில், போனால் அந்த உரிமையும் அவரோடு புது அணிக்குப் போய்விடும்.

இந்த வழி எவ்வளவு அகலம் என்பதற்கு மைக்கேல் ஜோர்டன் சாட்சி. 1997-98-ல் ஓர் அணிக்கான வரம்பே சுமார் 2.69 கோடி டாலர். சிகாகோ புல்ஸ் ஜோர்டன் ஒருவருக்கு மட்டும் கொடுத்தது 3.31 கோடி! லீகும் வீரர் சங்கமும் போட்ட 1999 ஒப்பந்தத்தில் தனிநபர் உச்சவரம்பு வந்தது. இன்று அனுபவத்தைப் பொறுத்து, வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதத்தில் ஒரு வீரரின் சம்பளம் தொடங்கலாம்.

பாஸ்டன் நட்சத்திரம் ஜேசன் டேட்டமை எடுத்துக்கொள்வோம். எட்டு வருட அனுபவத்துக்கு 30 சதவீதம்தான் முறை. பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான ஆல்-என்பிஏ தேர்வுகளால் 35-க்குத் தகுதி பெற்றார். 15.4647 கோடியை 0.35-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5.41 கோடி வரும். 2025-26-ல் அவர் சம்பளம் அதேதான். சக வீரர் ஜேலன் பிரவுனுக்கு 5.31 கோடி. இரண்டு பேருக்கே 10.7 கோடி போய்விட்டது. மிச்சப் பணத்தில் பதின்மூன்று பேரைப் பார்க்க வேண்டும்.

சரி, வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? 2025-26-ல் 18.79 கோடி வரை பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு மேல் லக்சரி டாக்ஸ், அதாவது கூடுதல் செலவுக்கு லீக் வசூலிக்கும் வரி. முந்தைய நான்கு பருவங்களில் மூன்றில் இந்த வரி கட்டிய அணிக்கு, தாண்டும் முதல் டாலருக்கே மூன்று டாலர் வரி. 2025-26-ல் பாஸ்டன் அந்தப் பட்டியலில் இருந்தது.

பணக்கார முதலாளி வரியைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் 2023 ஒப்பந்தத்தில் 'இரண்டாவது ஏப்ரன்' என்ற கோட்டைப் போட்டார்கள். 2025-26-ல் அது 20.78 கோடி. அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது. டிரேடில் பணம் தர முடியாது. ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வை (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை) யாருக்கும் கொடுக்க முடியாதபடி முடக்கிவிடுவார்கள். என் பார்வையில் என்பிஏ-வின் நிஜமான வரம்பு இதுதான்.

பாஸ்டன் இந்தக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. டேட்டமுக்கு அகில்லீஸ் தசைநார் கிழிந்த பிறகு, கோப்பைக்கு வாய்ப்புக் குறைந்த ஒரு வருடத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க யாருக்கு மனசு வரும்? சுமார் 3.24 கோடி சம்பளத்தில் இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் மீதமிருந்த ஜூரு ஹாலிடே போர்ட்லண்டுக்குப் போனார். பதிலுக்கு வந்த ஆன்ஃபர்னி சைமன்ஸுக்கு 2.77 கோடி, மீதி ஒரே வருடம். பொர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனார். ஆல் ஹார்ஃபோர்டு மீது பேர்ட் உரிமை இருந்தும் அவர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். உரிமை இருந்தால் மட்டும் போதாது, வரிக்கும் இடம் வேண்டும்.

எனவே 'அணி வரம்பைத் தாண்டிவிட்டது' என்ற செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம். வீரர் மீது பேர்ட் உரிமை இருக்கிறதா, அவர் சம்பளத்தைச் சேர்த்தால் மொத்தம் இரண்டாவது ஏப்ரனைத் தொடுகிறதா என்று பாருங்கள். உரிமை இருந்து, கோட்டுக்குக் கீழேயும் இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடுவார். அப்புறம் ஒன்று: லக்சரி டாக்ஸைக் கணக்கிடுவது வழக்கமான பருவத்தின் கடைசி நாள் சம்பளப் பட்டியலை வைத்து. பிப்ரவரி டிரேடு கெடு நெருங்கும்போது வரிக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் அணிகள், பெஞ்சில் இருக்கும் ஒருவரைச் சும்மா தூக்கிக் கொடுப்பது அதற்காகத்தான்.