ஊர் ஒன்று, விலை இரண்டு

கேள்வி: வேலை காரணமாக ஜெர்மனியில் இருக்கிறேன். கடையில் 'பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்', 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரெப்ஷென்' என்று இரண்டு வெள்ளை ஒயின்கள் பார்த்தேன். ஊர் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது மூன்று மடங்கு விலை. வெறும் பெயருக்கா இவ்வளவு? வாங்கினால் எப்படிக் குடிப்பது, எதனுடன் சாப்பிடுவது?

பதில்: பெயருக்குத்தான். ஆனால் கோல்ட்ட்ரெப்ஷென் என்பது ஒரு தோட்டத்தின் பெயர். பீஸ்போர்ட், மோசல் ஆற்றங்கரைக் கிராமம். ஆறு வளையும் இடத்தில், தெற்கு வெயில் நேராக விழும் செங்குத்தான பலகைக்கல் சரிவுதான் அந்தத் தோட்டம். கோல்ட்ட்ரெப்ஷென் என்றால் 'பொன் துளி' என்று பொருள். மிஷெல்ஸ்பெர்க் தனித் தோட்டமே அல்ல. 1971-ஆம் ஆண்டு ஒயின் சட்டம் பல கிராமங்களின் தோட்டங்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதில் பீஸ்போர்ட் திராட்சை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். இரண்டு பெயரும் லேபிளில் ஒரே மாதிரி இருப்பதால், வாங்குபவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

லேபிளில் 'ரீஸ்லிங்' என்ற திராட்சைப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பது விலை குறைந்த 'முல்லர்-துர்காவ்' என்ற திராட்சையாக இருக்கலாம். அப்புறம் ஆல்கஹால் அளவு. 8, 9 சதவீதம் என்றால் திராட்சைச் சர்க்கரை மீதம் இருக்கிறது, இனிக்கும். 12-ஐ ஒட்டி இருந்து, 'ட்ரோக்கன்' என்றும் போட்டிருந்தால் இனிப்பு தெரியாது.

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் ஊற்றாதீர்கள். சில்லிப்பில் வாசனை அடங்கிவிடும். 10 டிகிரி வரை ஏறட்டும். கிளாஸில் கால்வாசி ஊற்றிச் சுழற்றி முகர்ந்தால் பீச், எலுமிச்சை வாசனை வரும். சில வருடம் ஆன பாட்டிலில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் பயந்து கொட்டிவிட வேண்டாம், முதிர்ந்த ரீஸ்லிங்கின் குணம் அது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கெட்டிருக்கிறது. பில்லோடு கடைக்குக் கொண்டு போங்கள். அடியில் கண்ணாடித் துகள் போலப் படிந்திருப்பது திராட்சையின் டார்டாரிக் உப்பு, கெடுதல் இல்லை.

சாப்பாட்டுக்கு, அங்கே வசந்தத்தில் கிடைக்கும் வெள்ளை அஸ்பாரகஸுக்கு ட்ரோக்கன். புகையிட்ட டிரவுட் மீனுக்கு லேபிளில் 'கபினெட்' என்று போட்ட லேசான வகை. மிளகாய் தூக்கலான சமையல் என்றால் தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்யும், இனிப்புள்ள 'ஷ்பேட்லேசே'தான் என் தேர்வு. ஆல்கஹால் அதிகமானால் காரம் இன்னும் எரியும். இனிப்பு அதைத் தணிக்கும். கேசரி, பாயசத்தோடு மட்டும் வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.